குட்டி பைக்கில் போன தாய்மாமன்

யூடியூபைப் பார்த்து இட்லி அவிக்கலாம். யோகா பழகலாம். தைரியம் இருந்தால் தலைமுடிகூட வெட்டிக்கொள்ளலாம், அது எப்படியும் வளர்ந்துவிடும். ஆனால் யூடியூபைப் பார்த்து வண்டி செய்யக் கூடாது. செய்தாலும் அதில் ஏறக் கூடாது. ஏறினாலும், கூடப்பிறந்த அக்கா மகளின் காதுகுத்துக்கு அதில் போகவே கூடாது. இதையெல்லாம் வரிசை தப்பாமல் செய்து முடித்த அறிவுக்கொழுந்து ஒருவன் மதுரையில் இருக்கிறான். அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடும் வேலை. நாள் முழுக்க அடுத்தவன் நுரையீரலைக் கவரில் போட்டுக் கொடுக்கிறவனுக்கு மனசில் ஒரு பெருமை வேண்டாமா? அந்தப் பெருமையைத் தேடித்தான் ‘பழைய வண்டிப் பிரியர்கள்’ என்ற வாட்ஸ்அப் குரூப்பில் போய் விழுந்தேன். அங்கே இருந்த பெருமக்கள் காலையில் குட்மார்னிங் சொல்வதற்குப் பதிலாக ஒரு போல்ட்டின் போட்டோவைப் போட்டு, “ஒரிஜினல்!” என்று எழுதுவார்கள். உடனே நாற்பது பேர் கும்பிடுவார்கள். (போல்ட்டை! நாற்பது பேர்!) அதில் நானும் ஒருத்தன்.

என்னிடமும் ஒரு வண்டி இருந்தது. அப்பா ஓட்டிய குட்டி பைக். சின்னச் சக்கரம், ஆட்டுக்கொம்பு மாதிரி தூக்கிய ஹேண்டில்பார். பெரிய ஆள் உட்கார்ந்தால் முட்டி வந்து தாடையைத் தொடும். அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி மட்டும் திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் சாய்ந்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா போன் பண்ணினாள். அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து, அவனியாபுரத்தில் மண்டபம் பிடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி இல்லையென்றால் பெண்ணைப் பெற்ற வீட்டுக்கே மரியாதை இல்லை.

“டேய், எங்க மாமியா தினமும் பேசுது. பொறந்த வீட்டுல அப்பன் இல்ல, இருக்கிற தம்பியும் ஒரு கிறுக்குப்பய, யாரு வந்து நிக்கப்போறான்னு. நீ பெருசா ஒண்ணும் செய்ய வேணாம். நேரத்துக்கு வந்து பிள்ளைய மடியில வச்சுக்க. அம்புட்டுத்தான். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும், மறந்துறாத.”

“நீ கவலப்படாதக்கா. நான் வாரதப் பாத்து உங்க மாமியா வாயப் பொத்திக்கும்” என்றேன்.

அக்கா கேட்டது ஒரு மடி. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

எங்கள் ஊர்த் தாய்மாமன்கள் சும்மா வர மாட்டார்கள். ஒருத்தர் மாட்டுவண்டியில் வந்தார். இன்னொருத்தர் குதிரையில் வந்தார். மண் அள்ளுகிற மிஷினின் வாளிக்குள் நின்று கும்பிட்டுக்கொண்டே வந்தவரையும் பார்த்திருக்கிறேன். சித்தப்பா மகன் பாண்டி, அவனும் யாழினிக்கு மாமன் முறைதான், போன் பண்ணி, “அண்ணே, நான் ஷேர் ஆட்டோ புடிச்சு நேரா மண்டபத்துக்கு வந்துர்றேன்” என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஷேர் ஆட்டோல வாரவன்லாம் ஒரு மாமனாடா?” என்று கேட்டேன். அப்பாவின் வண்டியைப் புதுசாக்கி, அதில் சீர் ஊர்வலத்துக்கு நடுவில் போய் இறங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இதற்கு எனக்கு வாய்த்த கூட்டாளி முருகேசன். பள்ளிக்கூடத்து நண்பன், அவனியாபுரத்தில் லேத் பட்டறை. வாயாலேயே ராக்கெட் விடுவான். “ஜப்பான்காரனுக்கு ரெண்டு கைதான மாப்ள? நமக்கும் ரெண்டு கைதான?” என்பான். அவன் கைகளைப் பார்த்த பிறகும் நான் அதை நம்பினேன் என்பதுதான் சோகம்.

கிடைக்கிற சாமான் எல்லாம் டெல்லிப் பக்கத்திலிருந்து ஆன்லைனில் வந்தது. ‘ரீப்ரொடக்‌ஷன்’ என்று போட்டிருக்கும். பழைய சாமானைப் பார்த்து அச்சு அசலாகப் புதுசாகச் செய்ததாம். இன்ஜினை நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று வந்தது பாருங்கள், சிவப்புப் பொத்தான், அழகென்றால் அப்படி ஒரு அழகு. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. பார்வைக்கு மட்டும் செய்திருக்கிறான். முருகேசன் அசரவில்லை. “பொத்தான் சும்மா கெடக்க வேணாம் மாப்ள” என்று உள்ளே எதையோ வைத்துப் பற்றவைத்து, ஹாரனை அதில் இழுத்துவிட்டான். இன்ஜினை எப்படி நிறுத்துவது என்று கேட்டதற்கு, “நிறுத்துறதப் பத்தி இப்ப என்ன மாப்ள? மொதல்ல ஓடட்டும்” என்றான்.

வராத சாமானையெல்லாம் நாங்களே செய்தோம். சைலன்சர் போர் பைப் துண்டு. மட்கார்டு எண்ணெய் டின் தகரம். (குனிந்து உள்பக்கம் பார்த்தால் ‘செக்கு நல்லெண்ணெய்’ என்று இன்னமும் படிக்கலாம்.) சீட்டு, கல்யாண மேடை நாற்காலி தைத்தவரிடம் மிச்சமிருந்த சிவப்பு வெல்வெட். பிரேக்குக்கு லாரி டயரை அறுத்து ஒட்டினோம். செயின் கவர் கிடைக்கவில்லை. “வெளிநாட்டுல செயின் தெரியுற மாதிரிதான் ஓட்டுறாங்க, அதான் ஸ்டைலு” என்று நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் கார்புரேட்டர். அதற்குள் ஒரு சின்ன உருளை மேலும் கீழும் ஓடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறும், விட்டால் கீழே இறங்கும். பழசு தேய்ந்து லொடலொட என்று ஆடியது. முருகேசன் பித்தளையில் புதுசாகக் கடைந்து, “பாரு மாப்ள, ஆட்டமே இல்ல. கம்பெனிக்காரனே தோத்தான்” என்றான். நிஜமாகவே ஆட்டம் இல்லை, அவ்வளவு டைட். சூடானால் பித்தளை விரியும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். நாங்கள் இருவரும் அந்தப் பாடத்தை ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தோம்.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம். போனது, வந்தது. போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். “ஹேண்டில்பார் ஒரிஜினலா?” என்று ஒருத்தர் கேட்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. வண்டிக்குச் சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் சம்பங்கி மாலை. எனக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கழுத்தில் ஆளுயர மாலை, தோளில் ஒரு பொன்னாடை. முன்னால் மேளம், அதன் பின்னால் ஆடுகிற பயல்கள், அப்புறம் தட்டுத் தூக்கிய பெண்கள், ஒரு கெடா, கடைசியில் தொரையாகிய நான். சீர் ஊர்வலம் நடக்கிற வேகம் உங்களுக்குத் தெரியும். நாலு அடி வைத்தால் நிற்பார்கள், நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டு வாசிப்பார், பயல்கள் ரோட்டில் உருளுவார்கள். அதுவரைக்கும் நான் கிளட்சைப் பிடித்துக்கொண்டு புர்ர் புர்ர் என்று நிற்க வேண்டும். காற்றே படாமல் அந்த இன்ஜின் என் தொடைக்கு நடுவில் தோசைக்கல்லாகக் காய்ந்தது. நான் பல்லைக் காட்டிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மண்டபம் ரோட்டோரமாகத்தான். வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் மாமியார், இடுப்பில் யாழினி. அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வண்டி அப்பாவுடையது என்று அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மாமியாரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். நேரம் இன்னும் பத்துகூட ஆகவில்லை. அங்கேயே காலை ஊன்றி இறங்கியிருக்கலாம்.

காதோரம் முருகேசன் வந்தான். “மாப்ள, வாசல்ல ஒரு முறுக்கு முறுக்கு. சம்பந்தகாரங்களுக்குக் கேக்கட்டும்.”

முறுக்கினேன். பித்தளை மேலே போனது. இறங்கவில்லை.

வண்டி அலறியது. போர் பைப்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குமே தெரியாது. கெடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பதறிப்போய் இன்ஜினை நிறுத்தலாம் என்று சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். ஹாரன் அடித்தது. அந்த அதிர்ச்சியில் கிளட்சை விட்டேன் பாருங்கள், அதோடு முடிந்தது கதை. தவில்காரர் தவிலோடு தாவினார். தட்டுத் தூக்கிய பெண்கள் ரெண்டு பக்கமும் பிரிந்து எனக்கு வழிவிட்டார்கள். மண்டபத்து வாசலை நான் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தேன்.

“டேய், எங்கடா போற?” என்று அக்கா கத்தினாள்.

“வாரேன்க்கா!” என்று நானும் கத்தினேன்.

லாரி டயர் பிரேக், ஆள் நடக்கிற வேகத்துக்கு மட்டும்தான் பிடிக்கும் என்பதை அதற்கப்புறம் தெரிந்துகொண்டேன். கிளட்ச் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பெட்ரோலை அடைக்கிற குழாய் மாலைக்குள் எங்கேயோ இருந்தது. கழுத்து மாலை காற்றில் எழும்பி மூஞ்சியில் அடித்தது. டீக்கடையில் நின்ற ஒருத்தர் என்னை வேட்பாளர் என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார். பழக்கதோஷம், நானும் திருப்பிக் கும்பிடப் பார்த்தேன்.

ஏர்போர்ட் பக்கம் திரும்புகிற ரோட்டில் என்னைக் காப்பாற்றியது என் பட்டு வேட்டிதான். ஸ்டைலாகத் திறந்து கிடந்த செயினுக்குள் அதன் நுனி போனது, பிறகு மொத்தமும் போனது. வண்டி திமிறி, கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குள் என்னைக் கொண்டுபோய்ச் சொருகிவிட்டு நின்றது. உடம்பெல்லாம் முள். இடுப்பில் டவுசர். போன் முருகேசனிடம். பொன்னாடையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன். ஷேர் ஆட்டோ வந்தது.

ஆட்டோக்காரர் என்னைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். “எங்கண்ணே போகணும்?”

“காதுகுத்துக்கு.”

உள்ளேயிருந்த ஒரு அம்மா, “மாலையெல்லாம் போட்டிருக்காரு, தாய்மாமன் போல” என்றார். ஆமாம் என்றேன். “தாய்மாமன்னா வேட்டி எங்க தம்பி?” என்று கேட்டார். அந்த ஆட்டோ ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று ஆள் ஏற்றியது. ஏறின ஒவ்வொருத்தருக்கும் அந்த அம்மாவே என் கதையைச் சொன்னார்.

மண்டபத்துக்குள் நுழையும்போது யாழினியின் அழுகைதான் முதலில் கேட்டது. இரண்டு காதிலும் தோடு. பாண்டி மடியில் உட்கார்ந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அவன் தட்டிக்கொடுத்து, “ஒண்ணுமில்லடா தங்கம், முடிஞ்சுபோச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆசாரி சாமானைப் பையில் எடுத்துவைத்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ராகுகாலம் பிறந்திருந்தது.

அக்காவின் மாமியார் எழுந்து வந்தார். அவ்வளவு மரியாதையை அதுவரை அவரிடம் நான் பார்த்ததில்லை. “வாங்க தம்பி. பந்தி ஆரம்பிச்சிருச்சு, சாப்பிடுங்க. அதுக்காச்சும் நேரத்துக்கு வந்தீகளே” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. உள்ளே போய் அவள் வீட்டுக்காரர் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். கையில் தைத்திருந்த முள்ளைப் பார்த்தாள். ஒன்றிரண்டைப் பிடுங்கியும் எடுத்தாள்.

“அப்பா இருந்திருந்தா நடந்தே வந்திருப்பாருடா” என்றாள்.

கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். முருகேசன் பின்னாலேயே வந்து, “நீ முறுக்குனது கொஞ்சம் ஓவர் மாப்ள” என்றான். அவன் மூஞ்சியில் தண்ணீரை அடித்தேன். வெந்நீராக இருந்திருக்கலாம்.

அதெல்லாம் பழைய கதை. வண்டி மறுபடியும் சாக்குக்குள் போய்விட்டது. குரூப்பிலிருந்து நானும் வெளியே வந்துவிட்டேன். பாண்டி இன்றைக்கும் அந்த வீட்டில் ‘மடி மாமா’. நான் வெறும் மாமா. யாழினி இப்போது ஆறாவது படிக்கிறாள். காதுகுத்து வீடியோவை எடுத்த புண்ணியவான் வாசலிலேயே கேமராவை வைத்திருந்தான். நான் இடப்பக்கம் வந்து, கும்பிட்டு, முறுக்கி, ஹாரனோடு வலப்பக்கம் மறைவது முழுசாக அதில் இருக்கிறது. அந்த வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், பாயசம் இல்லாமல்கூடப் பந்தி நடக்கும், அந்த வீடியோ இல்லாமல் நடக்காது. மாமியாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. சத்தத்தை வைத்தே சரியான இடத்தில் சிரித்துவிடுகிறார்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். யாழினி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “மாமா, ஒரு ஆப் இருக்கு. வீடியோவ பின்னாடி ஓட விடலாம். பாரேன், இப்படி வச்சா நீ வந்துருவ” என்றாள்.

பார்த்தேன். வலப்பக்கத்திலிருந்து நான் பின்பக்கமாகவே வந்தேன். பிரிந்த பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள், கெடா வந்து கயிற்றில் நின்றது, தவில்காரர் தரையிறங்கினார். வண்டி அழகாக மண்டபத்து வாசலில் வந்து நின்றது. அக்கா முகத்தில் அந்தச் சந்தோஷமும் திரும்ப வந்தது. யாழினி கைதட்டினாள். 

அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்த அக்கா சொன்னாள்: “அங்கனயே நிப்பாட்டுடி. விட்டா மறுபடியும் கெளம்பிருவான்.”