துரைத் தொப்பி பட்ட பாடு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1932, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

கிள்ளானில் வசிக்கும் மகா கனம் பொருந்திய அத்தான் அவர்கள் சமுகத்துக்கு, மைத்துனன் இராமலிங்கம் பணிந்து எழுதிக்கொண்டது. தண்டாயுதபாணி கிருபையால் இவ்விடம் நல்லம்மாளும் கோழிகளும் பரம சுகம். நான் மட்டும் இந்த வரியை எழுதும் வரைக்கும் உயிரோடு இருக்கிறேன். அவ்விடம் தங்கள் சுகத்தையும், அக்காள் சுகத்தையும், தங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறை காலியாக இருக்கிறதா என்பதையும் எழுதவும். சென்ற தீபாவளிக்கு வந்தபோது அந்த அறைக்கு ஜன்னல் இல்லை என்று குறை சொன்னேன். இப்போது எனக்கு ஜன்னல் இல்லாத அறைதான் வேண்டும்.

விஷயம் இதுதான். சாலை, சாக்கடை, விளக்கு எல்லாம் பார்க்கிற போர்டு இந்த வருஷம் எங்கள் பகுதித் தமிழருக்கு ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணத்தில் ரயில்பாதைக்கு அப்பால் இருக்கும் பந்துத் திடலை மேடு பள்ளம் இல்லாமல் நிரவலாம். இல்லாவிட்டால் எங்கள் நாடகக் கொட்டகையின் ஓட்டை அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடலாம். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றையிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசுவதில்லை. முடிவெட்டுகிற கடையில் பாதித் தலையோடு எழுந்துபோனவர்கள் உண்டு. பந்துக் கட்சிக்குத் தலைவர் எங்கள் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி கபிரியேல். அவர் இருமினால் எனக்குப் பேனா நழுவும் என்பது தாங்கள் அறிந்ததே. நாடகக் கட்சிக்குத் தலைவன் யார் என்றால், நல்லம்மாளின் ஒரே தம்பி வாசு. ஆக, அத்தான், எனக்கு அரிசி வாங்கிக் கொடுப்பது ஒரு கட்சி, அதை வடித்துப் போடுவது மறு கட்சி. நான் என்ன பாவம் செய்தேன்?

இதோடு விட்டிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். போர்டிலிருந்து ஹாரிங்டன் துரை என்பவர் சனிக்கிழமை வந்து சாயங்காலம் பந்தாட்டமும், விளக்கு வைத்த பிறகு நாடகமும் பார்த்து, எதற்குப் பணம் என்று முடிவு செய்வார் என்று ஏற்பாடாயிற்று. அவர் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்தவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பந்தும் உதைக்காத, வேஷமும் கட்டாத ஆள் ஊரில் ஒருவன்தான் என்று இரண்டு கட்சியும் ஒற்றுமையாக என்னைக் கை காட்டிவிட்டன. அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் இந்த வருஷத்தில் இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கபிரியேல் என்னைத் தம் மேசைக்குக் கூப்பிட்டார். "ராமலிங்கம், நீ துரை பக்கத்துல ஒக்காரப்போறே. நம்ம தெடலப் பத்தி ஒரு வார்த்த கொறச்சுப் பேசினே, திங்கக்கெழமையே ஒன்ன செமினிக்கு மாத்திருவேன். அங்க ஆபீஸ் வாசல்லயே புலி வந்து படுத்திருக்கு, தெரியும்லா?" என்றார். காய்ச்சல் வந்தவன்போல வீட்டுக்கு வந்தேன். நல்லம்மாளிடம் சொன்னால் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் கீரையைக் கடைந்துகொண்டே, "எந்தம்பி கொட்டாய்க்குக் கூர வரலேன்னா, ஒங்களுக்கு இந்த வீட்டுக் கூரயும் கெடையாது. பாத்துக்கோங்க" என்றாள்.

சனிக்கிழமை திடலுக்குப் போனோம். அந்தத் திடலின் லட்சணம் தங்களுக்குத் தெரியாது. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். யாரும் உதைக்காமலே பந்து தானாக உருண்டு சாக்கடைக்குப் போகும், ஆட்டக்காரர்கள் அதைத் துரத்திக்கொண்டு போவார்கள், அதற்குத்தான் கால்பந்து என்று பெயர். பாதி ஆட்டத்தில் எங்கிருந்தோ ஓர் எருமை வந்து கோல் கம்பத்துக்கு நடுவே படுத்துக்கொண்டது. கோல்கீப்பர் கெஞ்சினான், வாலை முறுக்கினான், அது அசையவில்லை. எதிரணி அடித்த பந்தெல்லாம் அதன் முதுகில் பட்டுத் திரும்பிற்று. துரை என் பக்கம் திரும்பி, "அந்த எருமை எந்த அணி?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கிறாரா, மெய்யாகவே கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. கபிரியேல் அந்தக் கோடியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது பொது, ஐயா" என்றேன். துரை ஏதோ எழுதிக்கொண்டார்.

விளக்கு வைத்ததும் கொட்டகைக்கு வந்தோம். துரைக்கு முன்வரிசையில் கைவைத்த நாற்காலி. அவர் தொப்பியைக் கழற்றினார். நான், அத்தான், இந்தக் கையாலேயே, மரியாதையாக அதை வாங்கி, மேடையின் படுதாவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டினேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம்.

கதை என்னவென்றால், ஒரு கொடுமைக்கார மந்திரி ஜனங்களை வரிபோட்டு வாட்டுகிறான், கடைசியில் ஒரு பதிவிரதை அவனுக்குப் புத்தி சொல்லிப் பாடித் திருத்துகிறாள். வாசுதான் மந்திரி. பதிவிரதை வேஷம் பக்கிரிசாமிக்கு. அவன் பகலில் கூட்ஸ் ஷெட்டில் அரிசி மூட்டை தூக்குகிறவன், ஒரே கையில் மூட்டையை லோரியில் வீசுவான். ஆனால் சேலை கட்டிவிட்டால் குரல் குயில்தான். நாடகம் தொடங்கின சற்றைக்கெல்லாம் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது, வானத்தைக் கவிழ்த்துக் கொட்டியது. அத்தாப்பு வழியாக நேராக வாசு தலைமேல் ஒழுகிற்று. அவன் கிரீடம் அட்டையில் செய்து பொன் வர்ணம் பூசினது. முதலில் வர்ணம் கரைந்து மூக்கில் வடிந்தது, பிறகு கிரீடமே கூழாகிக் காதுவரைக்கும் இறங்கிற்று. ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மந்திரிக்கு ரோஷம் வந்து படுதாவுக்குப் பின்னால் போனான். நான் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தபோதே திரும்பி வந்துவிட்டான். தலையில் ஹாரிங்டன் துரையின் தொப்பி.

அதைப் போட்டுக்கொண்டு மேடையின் நடுவே நின்று, கையை ஓங்கி, "இந்த நாட்டு ஜனங்களின் ரத்தத்தை உறிஞ்சாமல் விடேன்!" என்று கர்ஜித்தான். அத்தான், அது நாடகத்தில் முன்னமே எழுதியிருக்கிற வசனம்தான், அவன் மேல் தப்பில்லை. ஆனால் அந்தத் தொப்பியோடு சொன்னதும் ஜனங்களுக்கு அது வேறு அர்த்தமாயிற்று. கூரையே பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். ராஜதுரோகம்! மாத்தாமாத்தா போலீஸ்காரன் வந்து கைவிலங்கு போடுவான், பென்ஷன் போகும், கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கே எனக்கு யாரைத் தெரியும்? இவ்வளவும் ஒரே மூச்சில் கண்முன் ஓடிற்று.

"என்ன சொல்கிறார்?" என்றார் துரை.

"வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்கிறார், ஐயா."

"நல்ல மனிதர். அது என் தொப்பி அல்லவா?"

"ஆமாம் ஐயா. பெரிய விருந்தாளியின் தொப்பியை அணிவது எங்கள் வழக்கத்தில் மிகப்பெரிய மரியாதை."

அதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பேன். பதிவிரதை வந்து புத்திமதிப் பாட்டை எடுத்தாள். ஜனங்கள் பாட்டைக் கேட்கிற நிலையில் இல்லை. "பாட்டெல்லாம் வேணாம்லா! போடு அவன!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விளக்குமாறு மேடைக்குப் பறந்து வந்தது. பக்கிரிசாமிக்குச் சபையின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. எடுத்தான், சேலையை இடுப்பில் சொருகினான், மந்திரியின் தலையில், அதாவது துரையின் தொப்பியில், மூட்டை தூக்குகிற கையால் வைத்தான் பாருங்கள்! வாசு மேடையைச் சுற்றி ஓட, இவன் துரத்தித் துரத்தி அடிக்க, ஒவ்வொரு அடிக்கும் சபை "போடு!" என்றது. வாசு என் பக்கம் ஓடிவந்தபோது, "மச்சான், காப்பாத்துங்க, இவன் நெஜமாவே அடிக்கிறான்!" என்றான்.

"இது என்ன?" என்றார் துரை. முகம் சிவந்திருந்தது.

உயிருக்குப் பயந்தவன் எதைத்தான் சொல்லமாட்டான்! "ஐயா, இது திருஷ்டி கழிப்பது. எவருடைய தொப்பி இப்படி அடிபடுகிறதோ, அவரைப் பிடித்த பீடை எல்லாம் அன்றோடு விலகும். சாமானியருக்குச் செய்யமாட்டார்கள்" என்றேன்.

அப்போது தொப்பி கழன்று உருண்டு துரையின் காலடியில் வந்து நின்றது. நசுங்கின ஈயப்போணி மாதிரி இருந்தது. அவர் குனிந்து எடுத்தார், தலையில் வைத்தார், "குட் நைட்" என்றார், மழையோடு போய்விட்டார். பணத்தைப் பற்றி ஒரு பேச்சில்லை. வாசலில் கபிரியேல் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை, அத்தான். அதைவிடப் புலியே மேல்.

இன்று காலை துரையின் பியூன் வந்து, நாளைக்குப் போர்டு ஆபீஸ் திறந்ததும் நான் தனியாகத் துரை அறைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். எதற்கு என்று கேட்டேன். "எனக்கென்னண்ணே தெரியும்? தொர காலையிலருந்து அந்தத் தொப்பியவே பாத்துக்கிட்டு இருக்காரு" என்றான். ஆகவே நாளை விடியற்கால ரயிலில் கிள்ளான் வருகிறேன். யாராவது கேட்டால் வாந்திபேதியில் போய்விட்டேன் என்று அக்காளை அழச் சொல்லவும். நல்லம்மாளையும் கூப்பிட்டேன். "நீங்க ஓடுங்க. பாவம், எந்தம்பிக்கு முதுகெல்லாம் தடிச்சுப்போச்சு, நான் ஒத்தடம் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நீண்ட ஆயுளோடும், பந்தும் நாடகமும் எட்டிப் பார்க்காத தெருவிலும் வாழ என் ஆசீர்வாதம். உயிர் இருந்தால் நேரில், இல்லாவிட்டால் இதுவே என் கடைசி வணக்கம்.

தங்கள் அன்புள்ள
இராமலிங்கம்

பின்குறிப்பு: திங்கட்கிழமை, ஆபீஸிலிருந்து. மேலே எழுதினது எல்லாம் ரத்து. அக்காள் அழவேண்டாம். பயத்தில் இரவெல்லாம் விழித்திருந்து விடியும்போது தூங்கிப்போய் ரயிலைக் கோட்டைவிட்டேன். வேறு வழியில்லாமல் துரையிடம் போனேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெடுநாளாக வராமல் இழுத்தடித்த சீமை லீவு உத்தரவு ஞாயிற்றுக்கிழமை காலையில் தந்தியாக வந்துவிட்டதாம், எல்லாம் அந்த விளக்குமாற்றின் மகிமையாம்! "இப்படிப்பட்ட சக்தி கையில் இருக்கும்போது நாடகக்காரர்களுக்குப் போர்டு பணம் எதற்கு? பாவம், பீடை பிடித்திருப்பது அந்தத் திடலைத்தான்" என்று சொல்லிப் பணத்தைப் பந்துக் கட்சிக்கே எழுதிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. திடல் திறப்பு நாளில் முதல் பந்தை உதைக்கும் முன்னால், பந்துக் கட்சித் தலைவருக்கு ஊரார் முன்னிலையில் தொப்பி போட்டு அதே விளக்குமாற்று மரியாதையைச் செய்யவேண்டும், அதே அம்மாளே செய்யவேண்டும், கப்பலேறும் முன் துரை குடும்பத்தோடு வந்து பார்ப்பார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது நான் சொல்லக் கேட்ட வாசு, பணம் போனால் போகிறது, ஜெயித்தது நாங்கள்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான். பக்கிரிசாமி எங்கள் வீட்டுப் பின்னால் தவிட்டு மூட்டையை வைத்துப் பழகுகிறானாம். கபிரியேலிடம் சொல்லவேண்டியது மட்டும் என் பொறுப்பு. தமிழில் சொல்வதா இங்கிலீஷில் சொல்வதா என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதோ அவர் தலை நிமிர்ந்துவிட்டார். "என்ன ராமலிங்கம், தொர கூப்பிட்டாராமே? நமக்கு நல்ல சேதிதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். எழுந்து போகிறேன்.