குத்தூசி அண்ணனும் கவுன்சிலர் கேஸும்

கொச்சியில் எத்தனையோ கோர்ட்டு இருக்கிறது, எத்தனையோ வக்கீல் இருக்கிறார்கள். ஆனால் நியாயம் சொன்னதற்காக இரண்டு கட்சிக்காரர்களிடமும் ஒரே நாளில் திட்டு வாங்கிய மனுஷன், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் குத்தூசி அண்ணன்.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் ஏதாவது எழுதியிருப்பார்கள். மட்டாஞ்சேரி பஜாரில் யாருக்கும் அது தெரியாது. மிளகுச் சாக்கைப் பிரிக்காமலே உள்ளே இருக்கிற சரக்கைப் பார்க்க ஒரு ஊசி உண்டு. ஒரு முழ நீளம், நடுவில் பள்ளம். சாக்கில் குத்தி உருவினால் பள்ளத்தில் கொஞ்சம் மிளகு வரும். அதுதான் குத்தூசி. அதை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நடந்து வந்தால் சண்டைக்குக் கிளம்பின ராஜா மாதிரி இருக்கும். ராஜா என் தோள் உயரம்தான் இருப்பார்.

அவர் ஊசி போடுகிற மிளகுக் கோடவுனில் நான் சுக்கு பொறுக்குகிற வேலையில் இருந்தேன். ஆண்பிள்ளைகள் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அதனாலேயே அண்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். சாக்கின்மேல் யாருடைய சரக்கு என்று மையால் அடையாளம் போட்டிருக்கும். அவர் ஊசி போடுவதற்கு முன்னால் அந்த அடையாளங்களின் மேல் நான் பழைய சாக்குத் துண்டைப் போட்டு மூட வேண்டும். அதுவரை அவர் வாசலில் முதுகைக் காட்டி நின்று காயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே வந்து குத்திப் பார்த்து, இது நல்லது, இதில் கல், இது ஈரம் என்று தரகரிடம் சொல்லிவிட்டு உடனே ஊசியைத் துடைக்கப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் நான் துண்டை எடுப்பேன். எது யாருடையது என்று தரகர் பார்த்துக்கொள்வார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஏன் அண்ணே இப்படி என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"பேரு தெரிஞ்சா கை நடுங்கும் தங்கச்சி. வேண்டியவன் சரக்குன்னா ஊசி மேலேயே நின்னுரும். வேண்டாதவன் சரக்குன்னா அடி வரைக்கும் போயிரும்."

ஒரு சாக்குக்கு மேலே, நடுவில், அடியில் என்று மூன்று குத்து. அதோடு விட்டாரா? உலகத்தையே அப்படித்தான் பார்த்தார். கட்சிப் பொதுக்கூட்டத்துக்குப் போனால் ஆரம்பத்தைக் கொஞ்சம் கேட்பார். சாயா குடிக்கப் போய்விட்டு நடுவில் வந்து கொஞ்சம் கேட்பார். பீடி முடித்துவிட்டுக் கடைசியைக் கேட்பார். மூன்றிலும் ஒரே சரக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார். கல்யாண வீட்டில் பாயசச் செம்புக்குள் கரண்டியை விட்டு அடியைக் கிளறிப் பார்த்ததற்காகச் சமையல்காரர் துரத்தியிருக்கிறார். தர்ப்பூசணிக் கடையில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் அவருக்கு மரியாதை இல்லை. ஊசி நல்ல ஊசி, பழம்தான் பாவம்.

பெரிய கூத்து காலையில் சாயாக்கடையில் நடக்கும். சுக்கு பொறுக்குகிறவர்களுக்குச் சாயா வாங்க நான் தூக்குவாளியோடு போய் ஓரமாக நிற்பேன். மலையாளப் பேப்பர் எனக்கு வாசிக்க வராது. அண்ணன் வாசிப்பதுதான் எனக்குச் செய்தி. ஏதாவது அரசியல்காரர் மேல் மோசடிக் கேஸ் என்று வந்தால் அவருக்குக் குஷி வந்துவிடும். பெயரையும் கட்சியையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு சங்கதியை மட்டும் வாசிப்பார். பிறகு சுற்றிலும் பார்த்து, நல்ல கேஸா கள்ளக் கேஸா என்று கேட்பார்.

பெயரைச் சொன்னால்தான் பதில் சொல்வோம் என்பார்கள் எல்லாரும்.

"பேரைச் சொன்னா நீ பேருக்குல்ல தீர்ப்புச் சொல்லுவ" என்பார் அண்ணன்.

சிலர் ரோஷத்தில் பெயர் கேட்காமலே, இவனை விடக் கூடாது என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிடுவார்கள். அண்ணன் விரலை எடுப்பார். அவர்களுடைய தலைவராகவே இருக்கும். அப்புறம் அது எப்படிப் பழிவாங்குகிற கேஸ் என்று அரைமணி நேரம் விளக்குவார்கள். சாயாக்கடைச் சேட்டனுக்கு அதில் நாலு சாயா கூடுதலாகப் போகும்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கவுன்சிலருக்குக் கேஸ் வந்தது. இளவயதில் அவரும் அண்ணனும் சேர்ந்து மூட்டை சுமந்தவர்கள். பிறகு அவர் மிளகு வியாபாரம் தொடங்கி, கட்சியில் சேர்ந்து, பெரியவர் ஆகிவிட்டார். ஆனாலும் தெருவில் அண்ணனைக் கண்டால் வண்டியை நிறுத்தித் தோளில் கை போடுவார். எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவரால்தான்.

போலீஸ் பிடிக்கிற கேஸ் இல்லை. மிளகில் பப்பாளி விதை கலந்து ஏமாற்றி விற்றார், நஷ்டத்தைக் கொடு என்கிற சிவில் கேஸ். போட்டவர் எதிர்க்கட்சிக்கு வேண்டிய வியாபாரி. சரக்கு வாங்கியது எப்போதோ, கேஸ் வந்தது தேர்தல் சமயத்தில்.

அன்று பேப்பரை முதலில் எடுத்தது சாயாக்கடைச் சேட்டன். அண்ணன் மாதிரியே விரலால் மறைத்துக்கொண்டு சங்கதியை வாசித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, நல்ல கேஸா கள்ளக் கேஸா சேட்டா என்றார். மிளகு விற்கிற கவுன்சிலர் இங்கே வேறு யார் இருக்கிறார்? அண்ணன் கிளாசைக் கீழே வைத்தார்.

"கேஸ் போட்டது எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

கடையே சிரித்தது. "எந்தா சேட்டா, நீங்களும் பேரு கேக்கறதா?" என்றார் கடைக்காரர். அண்ணன் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவர் முகம் வாடிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று நான் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சரக்குக்கு ஊசி போட்டது அண்ணன்தான் என்பதால் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். சுத்தமான சரக்கு என்று சொல்லு என்றது ஒரு கட்சி. விதை இருந்தது என்று சொல்லு என்றது இன்னொன்று. அண்ணன் அன்று சொன்னதைத் தரகர் வாங்கியவரிடம் சொன்னாரோ இல்லையோ, அவர் அதற்குள் காலமாகிவிட்டார். எங்கள் முதலாளி சொன்னதால் நாங்கள் இரண்டு மூன்று பெண்களும் துணைக்குப் போனோம். அண்ணன் கூண்டில் ஏறி, அன்று வந்த சாக்குகளில் ஒன்றில் அடியில் பப்பாளி விதை இருந்தது, அப்போதே தரகரிடம் சொல்லிவிட்டேன், ஆனால் அது யாருடையது என்று தெரியாது என்றார். அடையாளத்தைப் பார்க்கவே இல்லையா என்றார் வக்கீல்.

"பார்க்கக் கூடாதுன்னு மூடி வச்சிருந்தோமே ஐயா."

கோர்ட்டில் பலபேர் சிரிப்பை அடக்க இருமினார்கள். யார் மூடியது என்று ஒரு வக்கீலாவது கேட்பார் என்று பயந்து, மற்றப் பெண்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பதில் தங்களுக்கு எதிராக வந்துவிடுமோ என்று இரண்டு வக்கீலும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் கவுன்சிலர் ஆட்கள் துரோகி என்றார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள், சிநேகிதனைக் காப்பாற்றப் பொய் சொன்ன கள்ளன் என்றார்கள். அண்ணன் இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் நான் சுக்கு பொறுக்குகிற இடத்துக்கு வந்து குந்தினார்.

"துண்டை எடுத்தது நீதானே. விதை இருந்த சாக்கு யாருது?"

சொல்லட்டுமா வேண்டாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லு என்று தலையை ஆட்டினார். சொன்னேன். அவருடைய சிநேகிதனுடையதுதான்.

அன்று சாயங்காலம் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம். பார்த்தவள் நான் என்பதால் என்னையும் கூட்டிப்போனார். நான் கேட்டுக்கு அருகிலேயே நின்றுகொண்டேன். கவுன்சிலர் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவரச் சொன்னார். அண்ணன் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். சரக்கு உன்னுதுதான், இந்தப் பிள்ளை பார்த்திருக்கு, நீயே கோர்ட்டில் சொல்லிவிடு என்றார்.

கவுன்சிலர் கோபப்படவில்லை. களைத்துப்போய் இருந்தார். "இது அரசியல் கேஸுன்னு உனக்குத் தெரியாதாடா? அவங்க ஆளு வித்திருந்தா கேஸ் போட்டிருப்பாங்களா?"

"போட்டிருக்க மாட்டாங்க. அரசியல் கேஸுதான், நான் இல்லேன்னு சொல்லலே" என்றார் அண்ணன். "ஆனா பப்பாளி விதை எந்தக் கட்சியிலேயும் இல்லையேடா. அது பாட்டுக்குச் சாக்கில கிடந்துச்சு."

கவுன்சிலர் கேட்டைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தேர்தல் போயிரும்" என்றார் கவுன்சிலர்.

"போவும்" என்றார் அண்ணன்.

கவுன்சிலர் ஒத்துக்கொண்டு நஷ்டத்தைக் கட்டினார். தேர்தலும் போனது. பஜாரில் எல்லாரும் அண்ணனைத்தான் ஏசினார்கள். தோற்ற கட்சி ஏசியது சரி. ஜெயித்த கட்சியும், நாளைக்கு நம்ம சாக்கிலும் இவன் ஊசி போடுவான் என்று பயந்தது. எந்த வியாபாரியும் கூப்பிடவில்லை. அண்ணன் தினமும் இடுப்பில் ஊசியோடு வந்து, கோடவுன் வாசலில் காயலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உச்சிவேளைக்குத் திரும்பிப் போவார். ஊசி துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் போடுகிறேன் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மழை விட்ட பிறகு, புது மிளகு வந்த ஒரு காலையில், பழைய கவுன்சிலர் தாமே நடந்து வந்தார். தோளில் கை போடவில்லை. சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

"என் சரக்கு வந்திருக்கு. ஊசி போடணும்" என்றார்.

"உன்னுதுன்னு எதுக்குடா சொன்ன? இனி கை நடுங்குமே" என்றார் அண்ணன்.

"நடுங்கட்டும். வா."

நானும் பின்னாலேயே போனேன். அண்ணன் கை நிஜமாகவே நடுங்கியது. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று குத்து. உருவியதைக் கையில் கொட்டி வெகு நேரம் பார்த்தார். நல்லது என்றார். கவுன்சிலர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அண்ணன் ஊசி போன ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்து, விலகின சணல் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, குழந்தையின் தலையைக் கோதுகிற மாதிரி தடவி மூடினார். குத்தின இடத்தில் இத்தனை பதமாகப் படுகிற கையை நான் வேறு எந்த மனுஷனிடமும் பார்த்ததில்லை.