மூன்று பூட்டும் ஆறாம் நம்பர் கிளாஸும்

இந்த வருஷப் போட்டியில் ஜெயிக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று பூட்டுக்காரர் சபதம் போட்டார். அவருக்கு மீசை கிடையாது. இருந்தாலும் சபதம் சபதம்தானே. கண்ணாடி முன்னால் நின்று, கையை ஓங்கி, மனைவிக்குக் கேட்காதபடி கதவைச் சாத்திக்கொண்டு போட்டார்.

போட்டி என்றால் வீட்டு பீர் சங்கத்தின் போட்டி. வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்த சங்கம் அது. தலைவர் பல் டாக்டர். வருஷத்துக்கு ஒரு வகையைச் சொல்லி எல்லாரையும் காய்ச்சச் சொல்வார்கள். இந்த வருஷம் ஏல் என்கிற லேசான பொன்னிற பீர். மத்தியான வெயிலில் உட்கார்ந்து மூன்று கிளாஸ் குடித்தாலும் நாலாவதைக் கேட்கத் தோன்ற வேண்டும். எழுந்தால் நேராகச் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேரவும் வேண்டும். போதை குறைவு, ருசி நிறைவு. காய்ச்சக் கஷ்டமானதும் இதுதான். கறுப்பு பீரில் எந்தத் தப்பையும் ஒளித்துவிடலாம். இதில் ஒளிக்க இடமே இல்லை. ஜெயிக்கிற பீரை தெருமுனையில் மது பார் நடத்தும் பார்க்காரர் தன் பெரிய அண்டாவில் காய்ச்சி, கோடை முழுக்க ஊற்றுவார். குழாய்க்கு மேலே காய்ச்சியவரின் படத்தை மாட்டுவார்.

அந்தப் படத்துக்காகப் பூட்டுக்காரர் ஒன்பது வருஷமாக ஏங்குகிறார். ஒன்பது வருஷத்தில் அவர் பீரைக் குடித்த ஒரு ஜீவன்கூட இரண்டாவது கிளாஸ் கேட்டதில்லை. இதற்குக் காரணம் ஊராருக்கு நாக்கு செத்துப்போனதுதான் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இந்த வருஷம் சங்கத்தார் கூடிப் பேசி, அவரையே நடுவராகப் போட்டுவிட்டார்கள். நடுவர் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. ஒரு வருஷமாவது அவர் பீரிலிருந்து தப்பலாமே என்ற ஆசைதான், வேறொன்றுமில்லை. பூட்டுக்காரருக்கு முதலில் தலைகால் புரியவில்லை. பிறகு விஷயம் புரிந்து இடிந்துபோனார். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அடுத்த கூட்டம் முடிந்ததும் நேராக மச்சினன் வீட்டுக்குப் போனார்.

மச்சினன், மனைவியின் தம்பி. லாரி ஓட்டுகிறவன்.

“மாப்ளே, என் பீரை நீ உன் பேர்ல போட்டிக்குக் கொடுக்கறே.”

“நான் பீர் காய்ச்சினேன்னா யாரு மாமா நம்புவா? எனக்கு வெந்நீர் போடவே கைவராது.”

“நம்ப வேண்டியது ஒரே ஆளு. நடுவரு. அது நான்தான்.”

“நடுவர் வீட்டு ஆளுங்க கலந்துக்கலாமா?”

“போன கூட்டத்துல நானே கையைத் தூக்கி விதியை மாத்திட்டேன். பொண்டாட்டி, மச்சினன், மாமனார், யாரு வேணா கலந்துக்கலாம்.”

“கிளாஸ்ல நம்பர் மட்டும்தானே ஒட்டுவாங்க? நம்மளது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

பூட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். “ஆரஞ்சுத் தோல். சின்னத் துணி மூட்டையில கட்டி, பீர் ஊறுற தொட்டிக்குள்ள தொங்கவிட்டுடுவேன். மூக்குகிட்ட கொண்டுபோனாலே, நான்தான் நான்தான்னு கூப்பிடும். அதுக்கு முழு மார்க். மத்ததுக்கெல்லாம் ஆப்பு.”

“படம் என்னுதுல்ல மாட்டுவாங்க?”

“நீ மைக்கைப் பிடிச்சு, எல்லாம் மாமா சொல்லிக்கொடுத்ததுன்னு சொல்லணும். படத்துல ரெண்டு பேரும் நிக்கணும். நான் முன்னாடி. உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு.”

மச்சினன் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். கைவைத்தது பூட்டுக்காரர் தலையில். அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று தம்பியிடமே சத்தியம் வாங்கிய புத்திசாலி இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

மனைவிக்கு ரொட்டிக்கடையில் வேலை. மாவு பிசைவதும் ஈஸ்டைப் பொங்க வைப்பதும் அவள் பொறுப்பு. மாவு பொங்கிவிட்டதா என்பதை அடுத்த அறையில் இருந்தபடியே மோந்து சொல்லிவிடுவாள். போன வருஷம் ஆசையாகக் கொஞ்சம் பீர் காய்ச்சி, ஒரு கிளாஸில் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினாள். அவர் வாயில்கூட வைக்கவில்லை. “ரொட்டி பிசையற கைக்கு இதெல்லாம் வராது” என்று சொல்லித் முற்றத்தில் கவிழ்த்துவிட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் பேசாமல் போனால் பயப்பட வேண்டும் என்று இருபது வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

பீர் காய்ச்சிய அன்று சாயங்காலம் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

“என்னங்க, இங்க நாலு ஆரஞ்சு அம்மணமா உக்காந்திருக்கே?”

“தோலை நான்தான் எடுத்தேன். பல்லுக்கு நல்லதாம். பல் டாக்டர் சொன்னாரு.”

“தின்னுட்டீங்களா?”

“தேய்ச்சேன்.”

“நாலு பழத்துத் தோலையுமா? மொத்தம் எத்தனை பல்லுங்க உங்களுக்கு?”

பதில் சொன்னால் வம்பு. பூட்டுக்காரர் சாமான் அறைக்குள் போய், தொட்டியின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, அறைக் கதவில் பூட்டு மாட்டினார். ஒன்றல்ல, மூன்று. தன் பூட்டுக்கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ரகம். மூன்றையும் சாவியில்லாமல் தானே திறக்க முயன்று, அரைமணி நேரம் வியர்த்துத் தோற்று, அந்தத் தோல்வியில் பூரித்துப்போனார்.

“எதுக்குங்க மூணு பூட்டு?” என்றாள் மனைவி.

“பெருச்சாளி.”

“அதுக்குச் சாவி போடத் தெரியுமா?”

“இந்தக் காலத்துல எதையும் நம்ப முடியாது.”

“அதுவும் சரிதான்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

சங்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. நடுவரின் நாக்கு முப்பது நாள் காய்ந்திருக்க வேண்டும். போட்டி முடியும்வரை ஒரு சொட்டு பீர் படக் கூடாது, எந்தத் தொட்டியின் மூடியையும் திறந்து முகரக்கூடக் கூடாது. விதியை வளைத்த பூட்டுக்காரர் இந்த வழக்கத்தை மட்டும் சுத்தமாகக் கடைப்பிடித்தார். நாள் வந்ததும் மூன்று பூட்டையும் திறந்தார். மச்சினன் வந்து தொட்டியை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாட்டிலில் அடைத்தான்.

போட்டியன்று மத்தியானம் பாரின் மாடியில் நல்ல கூட்டம். மேஜைமேல் ஏழு கிளாஸ், ஏழு நம்பர். பூட்டுக்காரர் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் மிடுக்காக வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். எதிர் வரிசையில் மனைவி.

“நீ எங்க இங்க?”

“ரொட்டி கொண்டுவந்தேங்க. ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவுல நாக்கைச் சுத்தம் பண்ண உப்பில்லாத ரொட்டி வேணுமாமே. எங்க கடைக்குத்தான் சொன்னாங்க.”

நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பிறகு வேலையைத் தொடங்கினார். அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நுரையைப் பேனா முனையால் அளந்தார். கண்ணை மூடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்து, கன்னத்தின் இரண்டு பக்கமும் அனுப்பி, கூரையைப் பார்த்து, விழுங்கி, தலையை ஆட்டினார். பிறகு ரொட்டி, தண்ணீர், எழுத்து. முதல் மூன்றும் பரவாயில்லை ரகம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மூன்று போட்டார்.

நாலாம் நம்பர் கிளாஸை வாயில் வைத்ததும் அவர் முகம் கோணிக்கொண்டது. நனைந்த அட்டைப்பெட்டியின் ருசி. கசப்பு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. இதைக் குடிக்க வைத்தவனைச் சும்மா விடக் கூடாது என்று அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அரைப் பக்கம் எழுதினார்.

ஐந்து சுமார். ஆறாம் நம்பரை மூக்கின் அருகே கொண்டுபோனார். ஆரஞ்சு! உள்ளம் துள்ளியது. குடித்துப் பார்த்தார். அடேயப்பா! மெல்லிய தேன் வாசம், அளவான கசப்பு, தொண்டையில் இறங்கியதும் இன்னொரு வாய் கேட்கிற சுகம். இவ்வளவு நன்றாகவா காய்ச்சியிருக்கிறேன் என்று அவருக்கே கண் கலங்கிவிட்டது. கிளாஸைக் காலி செய்தார். நடுவர் கிளாஸைக் காலி செய்ததை அந்தச் சங்கம் அதுவரை கண்டதில்லை. ஏழாம் நம்பரை மோந்ததோடு சரி, ஒரு மூன்று போட்டு முடித்துவிட்டார்.

நடுவர் எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் வாசித்த பிறகுதான் பெயர் இருக்கும் உறையைக் கிழிப்பார்கள். கடைசி மார்க்கிலிருந்து ஆரம்பம். எழுதியதை யாரும் மாற்ற முடியாது. பல் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நாலாம் நம்பர். மார்க், அரை. ‘இது பீர் அல்ல. பீர் குடித்த கிளாஸைக் கழுவிய தண்ணீர். அந்தத் தண்ணீருக்கும் மனசாட்சி இருந்தால் இதைப் பார்த்து வெட்கப்படும். இதைக் காய்ச்சியவர் இனிமேல் அடுப்புப் பக்கமே போக வேண்டாம். ஊருக்கு நல்லது செய்ய நினைத்தால், பாத்திரங்களை உடனே யாருக்காவது கொடுத்துவிடவும்.’”

மாடியே குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பூட்டுக்காரர். டாக்டர் உறையைக் கிழித்தார்.

“காய்ச்சியவர், நம்ம பூட்டுக்காரரோட மச்சினன்.”

சிரிப்பு பூட்டுக்காரரின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மச்சினனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். நாலு என்னுடையது என்றால், ஆறு யாருடையது? நடுவில் இருந்த பெயர்களை டாக்டர் வாசித்ததெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

“கடைசியா ஆறாம் நம்பர். பத்துக்குப் பத்து! ‘இத்தனை வருஷமாக இந்தச் சங்கம் எதற்காகக் காத்திருந்ததோ அது வந்துவிட்டது. இதைக் காய்ச்சிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.’” உறை கிழிந்தது. “அடடே! பூட்டுக்காரர் வீட்டம்மா!”

பூட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஏமாத்து! இது பச்சை ஏமாத்து!”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னய்யா ஏமாத்து?” என்றார் டாக்டர்.

“அதுல… ஆரஞ்சு வாசனை வருது!”

“வந்தா? பழத்தோல் போடலாம்னு விதியிலயே இருக்கே. நீங்களும் அதுக்குத்தானே பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க?”

“இல்ல, அந்த ஆரஞ்சு வந்து… நாலாம் நம்பர்ல இருக்க வேண்டியது!”

“நாலாம் நம்பர்ல என்ன இருக்கணும்னு நடுவருக்கு எப்படித் தெரியும்?”

அத்தனை கண்ணும் அவர்மேல் திரும்பின. பூட்டுக்காரர் நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து, மெதுவாக உட்கார்ந்தார்.

“சந்தோஷத்துல உளர்றாரு பாவம்” என்றார் பார்க்காரர். எல்லாரும் கைதட்டினார்கள். மனைவி மைக்கைப் பிடித்தாள்.

“எல்லாம் இவர் சொல்லிக்கொடுத்ததுதாங்க” என்றாள்.

ஆறாம் நம்பர் பாட்டில்கள் கால்மணி நேரத்தில் காலி. இரண்டாவது கிளாஸுக்கு அடிதடி. மூன்றாவது கிளாஸுக்கு டாக்டரே வரிசையில் நின்றார். நாலாம் நம்பர் பாட்டில்கள் அப்படியே இருந்தன. படம் எடுக்கிறவன் மனைவியை நடுவில் நிறுத்தி, பூட்டுக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான், வெளிச்சத்தை மறைக்கிறாராம்.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் கேட்டார்.

“உன் தம்பி சொல்லிட்டானா?”

“அன்னிக்கே சொல்லிட்டான். நீங்க அவன் வீட்டு வாசலைத் தாண்டறதுக்குள்ள போன் வந்துடுச்சு.”

“சொல்லட்டும். ஆனா மூணு பூட்டு! நானே திறக்க முடியாத பூட்டு! அதை நீ எப்படித் திறந்தே?”

“பூட்டை யாருங்க தொட்டா? கதவோட கீல் வெளிப்பக்கம்தானே இருக்கு. ஆறு திருகு. கழட்டினதும் அந்தப் பக்கமாக் கதவை இழுத்து உள்ள போனேன். வேலையை முடிச்சுட்டுத் திரும்ப மாட்டிட்டேன்.”

இருபத்தைந்து வருஷத் தொழில். இதுவரை அவர் எந்தக் கதவிலும் கீலைப் பார்த்ததே இல்லை. நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.

“தோல் மூட்டையை எடுத்து என்ன பண்ணினே?”

“ரொட்டிக்கடைப் பின்கட்டுல என் தொட்டி இருந்துச்சு. அதுல போட்டேன். வீணாக்குவானேன்?”

“இதெல்லாம் எதுக்கு? நேரா வந்து போட்டி போட்டிருக்கலாமே!”

அவள் நின்று திரும்பினாள். “நேரா வந்தேங்களே, போன வருஷம். கையில கிளாஸோட. ருசி பாக்காமயே கொட்டினீங்க. இந்த வருஷமும் நீங்க தேடப்போறது ஆரஞ்சை மட்டும்தான். யாரு எவ்வளவு நல்லாக் காய்ச்சினாலும் உங்க நாக்குக்கு எட்டப்போறதில்ல. ஒரு தடவையாவது என்னுதை நீங்க ஒழுங்காக் குடிச்சுப் பாக்கணும்னு நினைச்சேன். குடிச்சீங்க. அவ்வளவுதான்.”

குடித்ததும் உண்மை, காலி செய்ததும் உண்மை. மனசு சுருங்கியது. ஆனாலும் ஒன்பது வருஷ ஆசை லேசில் விடுமா? நாலடி நடந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சரி, போகட்டும். கதவைக் கழட்டினியே, அப்பவே என்னுதுல ஒரு வாய் குடிச்சுப் பாத்திருப்பே. நான் இன்னிக்கு ஏதோ வேகத்துல எழுதிட்டேன். நீ நிஜத்தைச் சொல்லு. என் பீர் எப்படி இருந்துச்சு?”

மனைவி அவர் சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள்.

“வேண்டாங்க. அதுக்கு நீங்க எழுதினதே மேல்.”