மூன்று அங்குலத் தாழ்மை

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இருந்தால் என் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்திலேயே சாயட்டும். வண்டி ஓட்டுகிறவன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

உயர்ந்து புகழ் பெற்றவர்கள் உலகில் ஏராளம். தாழ்ந்து புகழ் பெற்றவர், தெற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் மூன்டா ஊர் லைல் ட்ரெஸீஸ் ஒருவர்தான்.

லைலுக்கு வயது அறுபத்தேழு. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இந்த இரண்டாவது தகவல் அவருடைய வண்டியைச் செய்தவர்களுக்கு எட்டவில்லை. அதனால் அவருடைய காலும் தரைக்கு எட்டவில்லை. ஏறி உட்கார்ந்தால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையை நலம் விசாரித்துவிட்டுத் திரும்பும்.

சென்ற முறை கார்னிஷ் திருவிழா ஊர்வலத்தில் எங்கள் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் முதல் வண்டி அவருடையது. நகர மன்றத்தின் முன் நிறுத்தியவர், மிக நிதானமாகப் பக்கவாட்டில் சாய்ந்து, பாண்டு வாத்தியக்காரரின் பெரிய குழலுக்குள் தலையை விட்டார். இந்த முறையும் விழுந்தால் முதல் வண்டி க்ளெனிஸ் ஆங்கோவுக்கு என்று முடிவாயிற்று. க்ளெனிஸ் ஆறடி. இருபது ஆண்டுகளாக லைலின் பின்னால் வண்டி ஓட்டி, அவருடைய முதுகை மனப்பாடம் செய்து வைத்திருந்த பெண்மணி.

ஊர்வல வண்டியில் ஆணி மாற்றவும் சங்கத்தின் அனுமதி வேண்டும். செயற்குழு கூடி, மூன்று மணி நேர "ஆழ்ந்த பரிசீலனை"க்குப் பின் தீர்மானம் எண் நான்கை நிறைவேற்றியது: "மேற்படி வண்டியின் ஷாக் அப்சார்பர்களை மூன்று அங்குலம் தாழ்த்தலாம். வேறெந்தப் பாகத்தையும் தொடலாகாது." கண்ணாடி மாற்ற அனுமதி வாங்கிய ஒருவர் வண்டி முழுக்கத் தீச்சுவாலை வரைந்துகொண்டு வந்த நாளிலிருந்து இந்தக் கடைசி வரி எல்லாத் தீர்மானத்திலும் உண்டு.

மெக்கானிக் ராண்டா பொலித்தோ முன்னும் பின்னும் இறக்கித் தந்தாள். லைல் ஏறி உட்கார்ந்தார். இரண்டு குதிகாலும் தரையில். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"இருங்க லைல், சைடு ஸ்டாண்டையும் வெட்டணும். உடம்பு இறங்கிருச்சு, அதோட காலு அதே நீளம். சாய்ஞ்சு நிக்க வேண்டிய வண்டி நேரா நிக்கும்."

"நேரா நிக்கறது ஒரு குத்தமா?"

"வண்டிக்குக் குத்தந்தான். லேசா காத்தடிச்சா அந்தப் பக்கம் போயிரும்."

"தீர்மானத்துல ஸ்டாண்டுன்னு ஒரு வார்த்தை இருக்கா? என் ஸ்டாண்டு மாறாதும்மா."

திருவிழா வந்தது. லைல் முன்னால் போனார். நகர மன்றத்தின் எதிரே பிரேக் பிடித்தார். இரண்டு காலும் தரையில் ஊன்றின. பாண்டுக்காரர் முன்யோசனையாகக் குழலைக் கவிழ்த்து வைத்திருந்தார், தேவைப்படவில்லை. கூட்டம் கைதட்டியது.

லைல் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். வண்டி சிப்பாய் மாதிரி விறைத்து நின்றது. கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது, வண்டி மறுபக்கம் ஆடியது. இறங்க எழுந்த லைல் மறுபடி கெட்டியாக உட்கார்ந்துகொண்டார். முப்பது வருஷமாக ஊன்ற முடியாத கால்களை இப்போது எடுக்க முடியவில்லை.

நகரத் தலைவர் அவரை மேடைக்கு அழைத்தார்.

"வேணாங்க," என்றார் லைல். "நான் கீழயே இருக்கேன்."

என்ன தாழ்மை என்று நகரத் தலைவர் ஒலிபெருக்கியிலேயே உருகினார். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் ஆறு பேர் பேசினார்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து க்ளெனிஸ் குனிந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, ஸ்டாண்ட வெட்டலையா?"

"தீர்மானத்துல இல்ல."

"நான் ஏறிப் பிடிச்சுக்கவா?"

லைல் யோசித்தார். முதல் வண்டியின் மேல் க்ளெனிஸ். எதிரே பத்திரிகைப் புகைப்படக்காரர்.

"வேணாம்."

"அப்ப பாஸ்டி சாப்பிடறியா? சூடா இருக்கு."

"ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருக்கே."

"வாயத் தெற."

இறைச்சியும் கிழங்கும் அடைத்த அந்த பாஸ்டியை க்ளெனிஸ் பிட்டுப் பிட்டு ஊட்டினார். பத்திரிகையில் வந்த படம் அதுதான்.

லைலின் தலைமை நிரந்தரமாயிற்று. அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எண் ஐந்து: "தாழ்மை இயக்கத்தை" முன்னிட்டு உறுப்பினர் அனைவரும் வண்டிகளை மூன்று அங்குலம் தாழ்த்த வேண்டும், வேறெந்தப் பாகத்தையும் தொடலாகாது. க்ளெனிஸும் தாழ்த்தினார், இப்போது அவருடைய முழங்கால் காதைத் தொடுகிறது. அன்று முதல் செயற்குழு மண்டபத்துக்குள் கூடுவதில்லை. வெளியே, அவரவர் வண்டி மேலேயே கூடுகிறது. ஒருவர்கூட இடையில் எழுந்து போவதில்லை. இத்தகைய கட்டுப்பாட்டை வேறெந்தச் சங்கத்திலும் காண முடியாது.

இவ்வளவையும் நான் என் வண்டியில் உட்கார்ந்தபடியேதான் எழுதினேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனாவில் மை தீர்ந்தது. வேறு பேனா எடுக்க ஒரே ஒரு நிமிடம் வீட்டுக்குள் போய் வந்தேன்.

வண்டி சாய்ந்து கிடக்கிறது.