தோள் வலிக்கு ஒரு சென்சார்

இனி இந்த ஜென்மத்தில் பெயின்ட் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே சபதம் எடுத்தேன். மாதக் கடைசியில் என் மனைவியின் அக்கா வருகிறாள். அதற்குள் கூடத்துக்கு நாமே பெயின்ட் அடித்துவிடலாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் ‘நாமே’ என்றால் நான்.

“தோள்பட்டை வலிக்குது. கையைத் தூக்கவே முடியல,” என்றேன்.

உடம்பில் எத்தனையோ இடம் இருக்கிறது. வயிறு என்றிருக்கலாம். பல் என்றிருக்கலாம். என் மனைவி பிசியோதெரபிஸ்ட். பத்து வருடமாக ஊரார் தோள்பட்டைகளை வளைத்துச் சம்பளம் வாங்குகிறவள். அவளிடம் போய்த் தோள்பட்டை என்றேன் பாருங்கள், என் அறிவுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். இரண்டிலும் அலறினேன். பாதுகாப்புக்காக, அவள் இன்னும் தொடாத மூன்றாவது இடத்துக்கும் சேர்த்து அலறிவைத்தேன்.

“ஐயோ, நல்லா இறுகிப்போயிருக்கே! பெயின்ட் வேலையெல்லாம் வேண்டாங்க,” என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சந்தோஷத்தில். அவள் வலி என்று நினைத்துக்கொண்டாள்.

“மவுஸும் தொடக் கூடாது. மூணு வாரம்.”

“மவுஸ் இல்லாம எப்படி வேலை பாக்கிறது?”

“வலி பெருசா, வேலை பெருசா?”

“இடது கையால...”

“அதுக்கும் பரவிடும்.”

நான் பாடப்புத்தகக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்துகிறவன். முந்நூறு பக்க அறிவியல் புத்தகம் கம்ப்யூட்டரில் காத்திருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கூப்பிட்டு வைத்ததுபோல மாடிவீட்டு மெக்கானிக் வந்தார். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

“சென்சார் சார். கம்ப்யூட்டர் மேல வெச்சிடுங்க. எதையும் தொட வேண்டாம். காத்துல கையை மேல தூக்கினா பக்கம் மேல போகும், இறக்கினா கீழ வரும். இடது பக்கம் வீசினா முந்தின பக்கம், வலது பக்கம் வீசினா அடுத்த பக்கம்.”

“விரலை ஆட்டினா போதுமாண்ணே?”

“அதெல்லாம் விலை ஒசந்ததுல. இது மலிவு, பார்வை கொஞ்சம் மங்கல். கையை முழுசா நீட்டி வீசணும்.”

மறுநாள் முதல் என் அறை போக்குவரத்துக் காவலரின் மேடையானது. ஒரு பத்தியை இறக்கக் கையைத் தலைக்கு மேலிருந்து இடுப்புவரை கொண்டுவர வேண்டும். அரைகுறையாக இறக்கினால் பெட்டி கண்டுகொள்ளாது. ஜன்னல் திரை காற்றில் ஆடினால் மட்டும் உடனே மதித்து, தவளையின் இதயத்திலிருந்து எரிமலைக்குத் தாவிவிடும். மூக்கைச் சொறிந்தேன், நாற்பது பக்கம் போயிற்று.

மனைவிக்குத்தான் எவ்வளவு அக்கறை! தினமும் காலையில் வந்து பெட்டியைச் சரிசெய்வாள்.

“இன்னும் கொஞ்சம் ஒசரத்துல வெச்சிருக்கேங்க. அப்பதான் கண்ணுக்கு நல்லது.”

“கண்ணுக்கா?”

“கழுத்துக்கும்.”

முதல் வாரம் மேசை மேல் இருந்த பெட்டி, இரண்டாம் வாரம் அலமாரிக்கு ஏறியது. மூன்றாம் வாரம் கிட்டத்தட்ட கூரையில் இருந்தது. நான் எழுந்து நின்று, குதிகாலைத் தூக்கிக் கை வீசினேன். ஆனாலும் ஜெயித்தது நான்தானே என்று மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. பெயின்ட் இல்லை. அந்த ஒன்றுக்காக எதையும் வீசலாம்.

அக்கா வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது புத்தகம் முடிந்தது. மனைவி ஒரு தாளோடு வந்தாள்.

“என்னது?”

“உங்க கணக்கு. அந்தப் பெட்டி எல்லாத்தையும் எண்ணும். ஒரு நாளைக்கு அறுநூறு தடவை மேல கீழ. நானூறு தடவை இடது வலது. தலைக்கு மேல ஒரு முழம் வரைக்கும் கை போகுது. ஒரு தடவையாவது ‘ஆ’ன்னீங்களா?”

அலற வாயைத் திறந்தேன். இப்போது அலறினால் எடுபடாது என்பது எனக்கே தெரிந்தது.

“அது மெக்கானிக் பெட்டியாச்சே...”

“எங்க கிளினிக் பெட்டி. கை தூக்க முடியாதவங்களுக்குப் பயிற்சி குடுக்க வாங்கினது. அவர் முழங்கால் வலிக்கு எங்கிட்டதான் வர்றார். நான்தான் குடுத்து அனுப்பினேன்.”

“அப்போ... வலி இல்லைன்னு உனக்கு...”

“தொடாத எடத்துக்குக் கத்தினீங்களே, அப்பவே.”

அவமானமாக இருந்தது. அதைவிட, மூன்று வாரம் எதையும் காட்டாமல் எனக்குக் கஞ்சி போட்டு, தோளுக்குத் தைலமும் தேய்த்தாளே என்று பயமாக இருந்தது.

கூடத்தில் பெயின்ட் வாளி திறந்திருந்தது. பிரஷ்ஷை என் கையில் கொடுத்தாள்.

“மேல, கீழ. இடது, வலது. புதுசா ஒண்ணும் இல்ல, எல்லாம் பழகினதுதான்.”

முதல் சுவர் மத்தியானத்துக்குள் முடிந்தது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவள், தலையைக்கூட நிமிர்த்தாமல், கையை மட்டும் வலது பக்கம் லேசாக வீசினாள்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனேன்.