மாடிச் சாவி வேண்டி மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். மாடியில் இருப்பவரும் முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் உங்கள் போன் மூன்று வாரமாக மணி அடித்து அடித்து ஓய்கிறது. எதிர்வீட்டு வேன் டிரைவர் தினமும் காலையில் உங்கள் ஊர்ப்பக்கம் போகிறவர் என்பதால், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாடிப்படி உச்சியிலுள்ள கதவுக்கு நீங்கள் ஒரு பூட்டுப் போட்டுச் சாவியைக் கையோடு கொண்டு போனீர்கள் அல்லவா, அந்தச் சாவி வருகிற வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் இங்கே வேண்டும். நீங்களே கொண்டு வந்தால் ரொம்ப நல்லது. இல்லாவிட்டால் என் மகளுக்கு, அதாவது உங்கள் மருமகளுக்கு, ஒரு வருஷப் படிப்பு போய்விடும். எனக்கு என்ன போகும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

அவள் பிசியோதெரபி மேற்படிப்பில் கடைசி வருஷம் படிப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அந்தப் படிப்பை அவள் தனியாகப் படிக்கவில்லை, குடும்பமே சேர்ந்து படிக்கிறது என்பது. என் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணிப் பேனாவால் குறி போட்டு வைத்திருக்கிறாள். அது தெரியாமல் சட்டையைக் கழற்றி டாக்டரிடம் உட்கார்ந்தபோது, உங்களை யாராவது வெட்டப் போகிறார்களா என்று அவர் கேட்டார். உங்கள் தங்கை கையைத் தூக்கித் துணி காயப்போட்டால் போதும், கோணம் அளக்கிற கருவியோடு பின்னால் வந்து நின்றுகொண்டு இன்னும் பத்து டிகிரி தூக்கும்மா என்கிறாள். இந்தக் கடிதத்தையே நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், முழங்காலில் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள், மாலை வரை மடக்கக் கூடாதாம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. ஆனால் பரீட்சை எழுத வேண்டுமென்றால் ஒரே நோயாளியை எட்டு வாரம் விடாமல் பார்த்து, முதல் நாள் எப்படி இருந்தார், கடைசி நாள் எப்படி இருக்கிறார் என்று எழுதித் தர வேண்டும். இவளுக்குக் கிடைத்தவர் ஒரு தையல்காரர். இரண்டே வாரத்தில் முதுகுவலி போய்விட்டது என்று சொல்லி வருவதை நிறுத்திவிட்டார். மற்றவர்களுக்கு நோயாளி குணமாகாமல் கவலை, இவளுக்குக் குணமாகிக் கவலை. துறைத்தலைவி அம்மையார், பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கோணமானி, அந்த வாரத்துக்குள் வேறு ஆள் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வீடு வந்து அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது மணி நான்கு. மாடியில் நடக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தது மச்சான். தினமும் சரியாக நாலு மணி. வெயில் நன்றாக அடிக்கிற நேரம், தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விடுகிற நேரம், பயப்படவே முடியாத நேரம். மாடியோ, மாமாவின் காரியம் முடிந்த கையோடு நீங்கள் பூட்டியது பூட்டியபடி ஒன்பது மாதமாகக் கிடக்கிறது. எலி என்றாள் உங்கள் தங்கை. எலி பிடிக்கிறவரை வரவழைத்தேன். அவர் வெளியே ஏணி போட்டு ஏறி ஜன்னல் கம்பி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு படியாக, வழக்கத்தைவிட மெதுவாக இறங்கி வந்தார். தரையெல்லாம் தூசி, தூசியில் மனுஷக் கால் தடம், இடது காலுக்குப் பக்கத்தில் வட்ட வட்டமாக ஒரு தடம் என்றார். "எலி கைத்தடி ஊனி நடக்காதுங்க," என்று சொல்லிவிட்டுப் பொறியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். பொறி இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது, யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்.

இவள் அழுத அன்று அந்தச் சத்தம் கேட்டதும், எலி பிடிக்கிறவர் சொன்னதைப் பயந்துகொண்டே சொன்னேன். ஆனால் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தடி இடது பக்கமா? அடிபட்ட காலும் இடதுதானேப்பா? எல்லாரும் பண்ற தப்பு. நல்ல பக்கத்துக் கையிலதான் பிடிக்கணும்," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டை எடுத்து மேலே பார்த்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு தட்டு. ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு தட்டு. இடது இடுப்பு பலவீனம், எடை போடப் பயப்படுகிறார், நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று எழுதிக்கொண்டே போகிறாள். அது உன் தாத்தாம்மா என்றேன். தாத்தா இல்லை, பேஷண்ட் என்றாள். அதோடு விட்டாளா, படிப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம், நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாதாம். மாடிப்படியின் கீழே நின்று, உங்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சம்மதமா என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் தடி ஒரே ஒரு தட்டுத் தட்டியது. அதை அவள் நோட்டில் குறித்து நேரம் போட்டு, சாட்சி என்று என்னிடம் கையெழுத்து வாங்கினாள். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாமா கடைசி இரண்டு வருஷமும் அந்த மாடியில் எப்படி இருந்தார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இல்லை, சொல்லத்தான் வேண்டும், நீங்கள் பார்க்கவில்லையே. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனபின் நாலு மணிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வருவார். அந்த நேரத்துக்கு மாமா தலை சீவிக்கொண்டு, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அந்தப் பிசியோதெரபிஸ்ட் எழுதிய தாளை இவள் தேடி எடுத்திருக்கிறாள். அதில் 'நோயாளி தன் வாயால் சொன்ன இலக்கு' என்று ஒரு வரி உண்டாம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பேஷண்ட் சொன்னதை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்கிறாள். எப்படி இருக்கிறது பாருங்கள், இந்த வீட்டில் நான் வெளியாள்.

பயிற்சி தொடங்கியது. படியின் கீழே போனை வைத்து டிக் டிக் என்று தாளம் அடிக்கிற ஒன்றை ஓடவிட்டாள். அந்தத் தாளத்துக்குக் கால் வைத்தால் நடை சீராகுமாம். முதல் மூன்று நாள் தாளம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நாலாம் நாள் உங்கள் தங்கை அடுக்களையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். டிக், அடி. டிக், அடி. இழுப்பு இல்லை. ஒன்றுகூடத் தப்பவில்லை. இவள் சந்தோஷத்தில் தாளத்தைக் கொஞ்சம் வேகமாக்கினாள், மேலேயும் வேகமானது. நிறுத்தினாள், நின்றது. உங்கள் தங்கை பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மேலே பார்த்துக்கொண்டு, "அண்ணன் வர்றேன்னு சொன்னான்ல, அதான் அப்பா எழுந்து நிக்கறாரு," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்று குழம்பில் உப்பு இல்லை, நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நீங்கள் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. அப்பா எழுந்து நடக்கட்டும், அன்றைக்கே வந்து என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றீர்கள். போனில்தான் சொன்னீர்கள், ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.

ஆறாவது வாரம் கோணமானி அம்மையார் நோட்டைப் பார்த்து மெச்சியிருக்கிறார். நடைச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுக் காட்டியபோது கண்ணை மூடிக் கேட்டாராம். வேறு என்னென்ன கோளாறு உண்டு என்று கேட்டதற்கு, இப்போது எதுவுமில்லை மேடம் என்றிருக்கிறாள், பொய் சொல்லத் தெரியாத பெண். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏன் காலியாக விட்டிருக்கிறது, இதென்ன சோம்பேறித்தனம் என்று அதற்கு மட்டும் திட்டு. எட்டு வாரமும் முடிகிற இந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நேரில் வந்து நோயாளி படி இறங்குவதைப் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறார். இவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். பன்னிரண்டு படி. மேலே உங்கள் பூட்டு. தினமும் நடை கதவு வரை வருகிறது, நிற்கிறது, திரும்பிப் போகிறது. இப்போதெல்லாம் திரும்பிப் போக நேரம் ஆகிறது. கதவுக்குப் பின்னால் ஒருவர் பொறுமையாக நிற்பது இந்தப் பக்கமிருந்தே தெரிகிறது மச்சான், எப்படி என்று கேட்காதீர்கள்.

இனி என் கதை. போன வாரம் இவள் படிச்சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினாள். 'ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கெட்ட கால் முதலில்.' முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடமாம். அதை நான் இரண்டு தரம் படித்தேன். மாமா ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் படியில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். அவசரப்பட்டு அவராகவே இறங்கினார், விழுந்தார் என்று நான் சொன்னதும் தெரியும். அவராக இறங்கவில்லை. நான்தான் இறக்கினேன். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் முப்பது வருஷம் சோதித்துக் கையெழுத்துப் போட்ட ஆசாமி, மாமனாரைப் பன்னிரண்டு படி இறக்கத் தெரியாதா என்று ஒரு மிதப்பு. அவருக்கு முன்னால் நின்றுகொண்டு, நல்ல காலை முதல்ல வைங்க மாமா என்றேன். பலமான கால்தானே முன்னால் போக வேண்டும் என்று என் புத்திக்குப் பட்டது. மேலே நின்ற கெட்ட கால் தாங்கவில்லை. மூன்றாவது படியில் மடங்கியது. நான் பிடிக்காமல் ஒதுங்கிவிட்டேன், அதுதான் உண்மை, ஒதுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் படிப்பக்கம் வரவே இல்லை. என்னை ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. நீங்கள் கேட்டபோதுகூட, நான்தான் அவசரப்பட்டுட்டேன் என்று என் பொய்யை அவரே சொன்னார்.

இவ்வளவு நாள் அவர் இறங்காததற்குக் காரணம் அந்தக் கால். அந்தக் காலைத்தான் என் மகள் எட்டு வாரமாகச் சரி செய்துகொண்டிருக்கிறாள். இறங்கி வந்து அவர் கணக்குத் தீர்க்க வேண்டிய ஆள் கீழே நான் ஒருவன்தான். அதனால் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். கதவைத் திறக்கிற கை மகனுடையதாக இருக்கட்டும், நான் உங்கள் பின்னால் நின்றுகொள்கிறேன். இதற்காகக் காலில் விழவும் தயார், டேப்பை அவிழ்த்தபிறகு.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். உங்கள் கழுத்துவலிக்கு உயரமான தலையணை ஆகாது என்று மருமகள் சொல்லச் சொன்னாள். நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், நிமிர்ந்து நடந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
செவ்வாய்க்கிழமை, மணி மூன்றே முக்கால்

பின்குறிப்பு: இப்போது மணி ஐந்தரை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் வர வேண்டாம். சாவியும் வேண்டாம், உங்கள் பூட்டு பூட்டியபடியே மூன்றாவது படியில் கிடக்கிறது, கதவு திறந்திருக்கிறது. நாலு மணிக்கு இறங்கினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தடியும் காலும் மட்டும் கேட்டது. மூன்றாவது படியில் நடை நின்றது. ஓடிவிடலாம் என்று பார்த்தேன், முழங்கால் மடங்காததால் நின்றுவிட்டேன், பிறகு நானே ஏறிப்போய்க் கையை நீட்டி, "கெட்ட கால் முதல்ல வைங்க மாமா," என்றேன். என் கையில் எடை விழுந்தது. எடை தெரிந்த தொழில்காரன் சொல்கிறேன், ஒரு முழு ஆளின் எடை. இந்தத் தடவை ஒதுங்கவில்லை. கீழே வந்ததும் ஒருமுறை என் கையை அழுத்திவிட்டு விட்டார், அவ்வளவுதான் மச்சான், அவர் கணக்கு என்னோடு இல்லை. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டார். உங்கள் தங்கை தெருமுனை வரை கூடவே போய்விட்டு வந்து, அழுதுகொண்டே வாசல் விளக்கைப் போட்டாள். மருமகள் இப்போதுதான் அந்தத் தாளைக் காட்டினாள், நோயாளி தன் வாயால் சொன்ன இலக்கு: 'என் மகன் வீட்டுக்கு நடந்து போகணும்.' பத்து மீட்டருக்குப் பதினாலு விநாடி, உங்கள் வீடு அறுபது கிலோமீட்டர், நிற்காமல் நடந்தால் நாளை மாலை நாலு மணிக்கு வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை கோணமானி அம்மையாரும் அங்கேயே வருகிறார், விலாசம் கொடுத்துவிட்டோம். வீட்டை விட்டு எங்கேயும் போய்விடாதீர்கள். உங்கள் வாசலில் ஐந்து படி, கைப்பிடி கிடையாது. ஏறும்போது நல்ல கால் முதலில். வலது கையில் தடி இருக்கும், நீங்கள் இடது பக்கம் நின்று கையைக் கொடுங்கள்.