ஐந்நூறு சதுர அடி ஆடு

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த மூன்று வருடத்தில் ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக்கூட நான் கழற்றிப் பார்த்ததில்லை. இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் போயிருக்காது.

நான் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் வீட்டுப் பெண். ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த வருங்கால மாமனார், மருமகள் கம்ப்யூட்டரில் கில்லாடி என்று முதலாளியிடம் சொல்லி, கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அங்கே வேலை வாங்கித் தந்துவிட்டார். சேர்ந்த வாரமே, தோலின் பரப்பளவை அளக்கும் மெஷினோடு இணைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. இரண்டு நாளில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் சரக்கு பார்க்க வருகிறார். மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டார். (அப்போதே வயிற்றுவலி என்று ஊருக்கு ஓடியிருக்கலாம். தோன்றவில்லை.)

மெஷினிலிருந்து வந்த கேபிளை மாட்டவேண்டிய இடம் சீரியல் போர்ட். அளந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாக, ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். அவசரமாக வாங்கித் தந்த புதுக் கம்ப்யூட்டரின் முதுகிலோ அந்தப் போர்ட்டே இல்லை. யூடியூப் பார்த்து மூடியைக் கழற்றினால், மதர்போர்டின் ஓரத்தில் அதற்கென்று ஒன்பது ஊசிகள் நின்றிருந்தன. பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு ஒன்பது. (அது யுஎஸ்பிக்கு. முதலில் அதில்தான் செருகினேன்.) வேலூரில் அலைந்து வாங்கிய இணைப்பு வயரை ஒருவழியாகச் சரியான ஊசிகளில் மாட்டியதும் திரையில் எண் வந்தது.

ஆனால் மெஷின் அதிரும்போதெல்லாம் வயர் ஆடியது. எங்கள் தொழிற்சாலையில் ஆடும் மேசைக்கும் மூடாத கதவுக்கும் ஒரே வைத்தியம், தோல் துண்டு. நானும் தரையில் கிடந்த ஒன்றை எடுத்து ஊசிகளின் இடுக்கில் திணித்தேன். துண்டு ஈரமாக இருந்தது கைக்கு உறைக்கவில்லை. கைதான் ஏற்கெனவே வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்ததே.

கம்பெனிக்காரர் முன்னால் மாமனாரே பெருமையாக முதல் ஆட்டுத்தோலை மெஷினில் விட்டார். 5.25 சதுர அடி என்று வரவேண்டியது. 525 என்று வந்தது. ஈரத்தில் வரிசை குழம்பி, நடுவிலிருந்த புள்ளி மட்டும் வந்து சேரவில்லை. அடுத்த தோல் 610. கம்பெனிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வேலை போச்சு, கல்யாணமும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன்.

மாமனார் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஆடா யானையா?"

மூடியைத் திறந்து துண்டைப் பிடுங்கி நீட்டினேன். தொட்டுப் பார்த்தவர், ஈரத்தை எதில் துடைப்பது என்று தெரியாமல் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். முதலில் சிரித்தது கம்பெனிக்காரர்தான். அன்று முழுக்க நான் வயரைக் கையாலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் ஆடுகளாகவே வந்தன.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை என் கணவர் கறி வாங்கக் கிளம்பும்போது, மாமனார் பேப்பரை விட்டுத் தலை தூக்காமல் சொல்வார்:

"நம்ம மருமக அளந்த ஆடா பாத்து வாங்குடா. ஒரு தொடை போதும், ஆம்பூருக்கே பிரியாணி போட்டுடலாம்."